எர்த்தைத் திரும்பப் போடு

அன்புள்ள என்று தொடங்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. முதலில் எழுந்து போ. உன் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரின் பிளக் இருக்கிறதல்லவா, அதைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வா. பிடுங்கிய பிறகு உட்கார்ந்து மிச்சத்தைப் படி. படிக்க நேரமில்லை என்றால் படிக்காதே. ஆனால் பிடுங்கிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பா, ஊம்முனு ஒரு சத்தம் வந்துக்கினே கீதுன்னு சொன்னேன் இல்ல, அது நின்னுபோச்சு. ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் தொறந்து எர்த் ஒயரைக் கழட்டி வுட்டுட்டேன். இப்போ இன்னா சவுண்டு தெரியுமா, சும்மா கண்ணாடி மாதிரி கீது" என்றாய். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனின் குரல். நான் கத்தினேன். "அறிவு கீதாடா உனக்கு? ஆறு மாசப் புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல எர்த்தைக் கழட்டுவியா? மொதல்ல போய் மாட்டு." நீ சிரித்தாய். "ஏம்பா கத்துற? நீ செஞ்சதுதானே? நீ செஞ்சா இன்ஜினியரிங்கு, நான் செஞ்சா அறிவு இல்லையா?"

நீ செஞ்சதுதானே. எட்டு வருடமாக அந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "யார்ரா சொன்னது உனக்கு?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை அப்புறம் எழுதுகிறேன். சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். நான்கு முறை திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது முறை மஞ்சுளா எடுத்து, "அவரு பாட்டு கேட்டுக்கினு இருக்காரு மாமா" என்றாள். "அந்தப் பெட்டிகிட்ட போகாதேம்மா, தொடச்சுக் கிடச்சு வைக்காதே" என்றேன். "ஏன் மாமா?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு கர்ப்பிணிப் பெண் வினயமாகக் கேட்ட ஒரு வார்த்தைக் கேள்விக்கு, முப்பது வருடம் மின்சாரத்தைக் கட்டி மேய்த்தவன் பதில் சொல்லாமல் போனை வைத்தான். அதனால்தான் இந்தக் கடிதம். இதை மூடிய உறையில் போடாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதி, இன்றைக்கே இன்டர்நெட்டில் போடுகிறேன். உன்னை நான் அவமானப்படுத்தியது நாலு பேர் பார்க்கத்தான்.

நல்ல சத்தம் வேண்டும் என்ற வெறி உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை நான் மறுக்கவில்லை. உன் வயதில் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இரும்பு இரும்பை அரைக்கும் இடம் அது. சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போதும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்குப் பின்னால் வந்தவனெல்லாம், முதலாளியின் ஊர்க்காரன் என்ற ஒரே தகுதியில், எனக்கு மேலே போய் ஏசி அறையில் உட்கார்ந்தான். நான் கடைசிவரை ஷெட்டிலேயே நின்றேன். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு மணி நேரம் சுத்தமான சத்தம் வேண்டும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசையா? நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது வந்த அந்த கம்ப்யூட்டர் உன் படிப்புக்கென்று சொல்லி வாங்கியது. பொய். எனக்காக வாங்கினேன். நீ அதில் பரீட்சைக்குப் படித்ததைவிட நான் அதில் பாட்டு கேட்டது அதிகம்.

உன் மாமன் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பேஸ் பெட்டியும் வாங்கிவைத்து ஊரைக் கூட்டிக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். "மாமா, வயிறு அதிருதா இல்லையா சொல்லு" என்று கேட்டான். அதிர்ந்தது. பாடுபவன் என்ன சொல்கிறான் என்பது மட்டும் கேட்கவில்லை. நான் சொன்னேன், அவனுக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு எதுதான் புடிச்சுது?" என்று உன் அம்மா முன்னால் கேட்டான். அந்தக் கேள்வியையும் நான் வைத்திருக்கிறேன். நீயும் இப்போது அதே வழியில் போகிறாய் என்று மஞ்சுளா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கர் இரண்டையும் சுவர் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறாயாம். மூலையில் வைத்தால் பேஸ் பெருக்கும், மற்றதை மூடும். சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழு, உட்கார்ந்தால் காது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் வை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் நீ உட்கார். இதற்கு ஒரு பைசா செலவில்லை. செலவில்லாததால்தான் எவனும் செய்வதில்லை.

நூற்றைம்பது பாட்டை ஒரே சிடியில் அடைத்து ரயிலடியில் விற்கிறார்களே, அதை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றாதே. பாட்டைக் கசக்கிப் பிழிந்து அந்தச் சிடியில் போட்டிருக்கிறான். தாளத் தட்டு ஒலிக்கும் இடத்தில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போலக் கேட்கும். என்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தாலும் போனது திரும்பாது. நான் முதல் வருடம் அந்தத் தப்பைத்தான் செய்தேன். என்னிடம் இருந்த நல்ல சிடிகளையெல்லாம் இடம் மிச்சம் பிடிக்கக் கசக்கி ஏற்றிவிட்டு, சிடிகளை உன் மாமனுக்கே கொடுத்துத் தொலைத்தேன். இப்போது ஹார்ட் டிஸ்க் மலிந்து கிடக்கிறது. அசல் சிடியிலிருந்து, எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்று. திரையில் இருக்கும் வால்யூமை முழுவதும் ஏற்றிவை, அந்த ஈக்வலைசர் பட்டைகளை நேர்கோட்டில் விட்டுவிடு, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில் நடக்கட்டும். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்சுக்கீச்சென்று கேட்டால், அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சவுண்ட் கார்டின் வேலை. ஒயரில் தொங்கும் சின்னப் பெட்டியாக வெளியே வைக்கிற சவுண்ட் கார்டு இப்போது கிடைக்கிறது, அதை வாங்கு. இவ்வளவையும் செய்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சம் கால்வாசிதான் அந்த ஊம் என்ற சத்தம். அந்தக் கால்வாசிக்காகத்தான் நான் என் குடும்பத்தைப் பணயம் வைத்தேன்.

அந்தச் சத்தம் எனக்கும் வந்தது. பாட்டு இல்லாத நேரத்தில், இரண்டு பாட்டுக்கு நடுவில், ஸ்பீக்கரிலிருந்து மெல்லியதாக ஒரு முனகல். மில்லில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கிற அதே முனகல். மில் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. ஒயரை மாற்றினேன், சவுண்ட் கார்டை மாற்றினேன், மேஜையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினேன். போகவில்லை. ஆம்ப்ளிஃபயரைச் செய்து கொடுத்த பாயிடம் போனேன். பழவேற்காட்டுக்காரர், பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், பத்தாவது தாண்டாதவர். ஆம்ப்ளிஃபயரைத் திறந்துகூடப் பார்க்காமல், டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "சார், கம்ப்யூட்டர்ல டிவி பாக்குற கார்டு போட்டுக்கினு கீறீங்களா?" ஆமாம் என்றேன். "கேபிள் டிவி ஒயர் அதுல சொருகிக் கீதா? அத்தப் புடுங்கிட்டு ஒரு தபா கேளுங்க. வேற எதையும் நோண்டாதீங்க, எர்த் மேல மட்டும் கை வைக்காதீங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டிவி ஒயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் என்ன சம்பந்தம்? "நீ எந்தக் காலேஜ்ல படிச்ச பாய்?" என்று கேட்டேன். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடல்ல சார்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், கேபிள் ஒயரை மட்டும் பிடுங்கிப் பார்ப்பதில்லை என்று.

படித்தவனின் வீம்பு எப்படி வேலை செய்யும் என்று பார். எர்த் ஒயரைக் கழற்றினால் அந்த முனகல் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஏன் நிற்கும் என்று தாளில் படம் போட்டு விளக்கவும் தெரியும். அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த மில்லிலேயே கிடையாது. எர்த் இல்லாத இயந்திரத்தைத் தொடாதே என்று ஷெட்டு வாசலில் மாட்டியிருந்த பலகையில் எழுதிக் கொடுத்ததே நான்தான். எர்த் இல்லாத டிரில்லை எடுத்து வேலை செய்தான் என்று ஒரு கான்ட்ராக்ட் ஆளை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். அவன் என் காலில் விழுந்தான், நான் இரங்கவில்லை. அப்படிப்பட்ட நான், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது, பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றி மடக்கி உள்ளேயே ஒதுக்கிவிட்டு மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பின்னும் இருக்கும். முனகல் நின்றது. அன்று நான் கேட்டது போல ஒரு நிசப்தத்தை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. இரண்டு மாதம் கேட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. நான் மில்லில் இருந்தேன். மோட்டாருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தொழிலாளர்களுக்கு முன்னால் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். அதே நேரத்தில் வீட்டில் உன் அம்மா, வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின், உன் சைக்கிள், டிவி. கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு அதையும் துடைத்தாள். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சுவரில் இருந்த சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பின்னால் ஒட்டடை இருக்கிறதே என்று ஈரத்துணி பிடித்த கையால் தகரப் பெட்டியை முன்னால் இழுத்தாள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் தகரத்தின் விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த இழுப்பில் உள்ளே இருந்த கம்பி தகரத்தைத் தொட்டது. பச்சை ஒயர் அதன் இடத்தில் இருந்திருந்தால், தொட்ட நொடியிலேயே ஃப்யூஸ் போயிருக்கும், உன் அம்மா "கரென்ட் பூட்ச்சா" என்று கேட்டிருப்பாள். பச்சை ஒயர் இல்லை. ஆகவே அவள் கை வழியாகப் போனது.

நீ அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து சுவர் சுவிட்சை அணைத்தாய். பெட்டியை விட்ட வேகத்தில் அவள் இரும்புக் கட்டில் மேல் விழுந்தாள், வலது மணிக்கட்டு உடைந்தது, உள்ளங்கை வெந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செய்தி வந்து நான் நெற்றியில் சந்தனத்தோடும் கையில் பொரிப் பொட்டலத்தோடும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு உன் அம்மாவைப் பற்றியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். முதல் நினைப்பு அந்த பிளக். "மாத்துப் புடவை எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று நிமிட வேலை. பச்சை ஒயரை அதன் இடத்தில் மாட்டி, திருகி, மூடினேன். பிறகு புடவையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வராந்தாவில் உன் மாமன் நின்றிருந்தான், அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். "எப்டி மாமா ஷாக் அடிக்கும்? நீ இன்ஜினியர் ஊடாச்சே" என்று கேட்டான். அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட தொனியை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. "இவன்தான், ஹெட்போன் மாட்டறேன்னு பின்னாடி ஒயரெல்லாம் புடுங்கி நோண்டிக்கினு இருந்தான்" என்று சொல்லி உன்னை அறைந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால், நீ உண்மையிலேயே ஏதோ நோண்டியிருப்பாய் என்று நானே கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன். மனிதன் தனக்குத் தேவையானதை எவ்வளவு சீக்கிரம் நம்புகிறான் என்பதற்கு நீ வேறு உதாரணம் தேட வேண்டாம்.

உன் அம்மாவின் மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளால் துணி பிழிய முடியாது. எட்டு வருடமாக நான்தான் பிழிகிறேன். தெருவில் எனக்குப் பெரிய பெயர். "உன் ஊட்டுக்காரரு மாதிரி வருமாம்மா, எங்க ஊட்ல ஒண்ணு கீதே, தண்ணி மொண்டு குடிக்காது" என்று எதிர்வீட்டு அம்மாள் தினமும் சொல்வாள். உன் அம்மா சிரிப்பாள். நான் புடவையை இன்னும் இரண்டு முறுக்கு அதிகமாக முறுக்குவேன். கை வலிக்கிற நாளில் அவள், "எல்லாம் உங்க புள்ள நோண்டின வேலை" என்பாள், உடனே, "தெரியாம செஞ்சுட்டான், வுடுங்க" என்றும் சொல்வாள். அவள் உன்னை மன்னிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் கேபிள்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு இணைப்பைத் துண்டித்தேன். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அன்று சாயங்காலம் பாட்டுப் போட்டபோது, எர்த் ஒயர் அதன் இடத்தில் இருக்க, முனகல் இல்லை. துளிகூட இல்லை. பாய் சொன்னதுதான். தெருவெல்லாம் சுற்றிவரும் கேபிள் ஒயர் கொண்டுவந்த கோளாறு, நம் வீட்டு எர்த்தோடு சேர்ந்து முனகியிருக்கிறது. கையால் திருகிக் கழற்றும் ஒரு திருகு. பத்து நொடி. ஒரு பத்தாவது படித்த மனிதர் டீ குடித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டிருந்தால் உன் அம்மாவின் கை நேராக இருந்திருக்கும். அன்றைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாயின் கடை வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடப்பேன், இன்றைக்கும் அப்படித்தான்.

இப்போது நீ போனில் சொன்ன பதிலுக்கு வருகிறேன். "யாரும் சொல்லலபா. அம்மாவ ஆட்டோல ஏத்தினதுக்கு அப்புறம் நான்தான் பிளக்கைப் புடுங்கினேன், தொறந்து பாத்தேன், ரெண்டு ஒயருதான் மாட்டியிருந்துது. நீ அறைஞ்சதுக்கு அப்புறம் ஊட்டுக்கு வந்து மறுபடி தொறந்து பாத்தேன், மூணு இருந்துது." இவ்வளவுதான் சொன்னாய். குரலில் கோபம்கூட இல்லை. கடைக்குப் போய் வந்த விவரம் சொல்வது போலச் சொன்னாய்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குப் புரிகிறதா? பதினேழு வயதில் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து உன் மாமன் முன்னாலேயே என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அம்மாவிடமாவது சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு, அவள் "உங்க புள்ள நோண்டின வேலை" என்று சொல்லும்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். அப்பனைக் காப்பாற்றினாய் என்று நான் நெகிழ வேண்டுமா? மாட்டேன். நீ காப்பாற்றியதால் நான் இன்னும் கெட்டேன். அது போகட்டும். அந்த வீட்டில் என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று இந்த உலகத்திலேயே தெரிந்த இரண்டு பேரில் நீ ஒருவன். உன் கையால் சுவிட்சை அணைத்தவன் நீ. அதே நீ, உன் மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஈரத்துணியோடு நடமாடும் வீட்டில், பச்சை ஒயரைக் கழற்றிவிட்டு சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்கிறாய். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். தெரிந்து செய்திருக்கிறாய். என் தப்பிலிருந்து நீ கற்றுக்கொண்டது, அது வேலை செய்கிறது என்பதை மட்டும்தானா? அல்லது என்னைக் குத்துவதற்காகவே செய்தாயா? குத்துவதற்கென்றால் குத்தியாகிவிட்டது. நன்றாகவே குத்தியது. இனி அந்த ஒயருக்கு அங்கே வேலை இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே சுவிட்ச் பலகையில் சொருகு. எர்த்தை மாட்டு. உன் கம்ப்யூட்டரிலும் டிவி கார்டு இருக்கிறது, நீ குடியிருக்கும் திருநின்றவூரிலும் கேபிள் ஒயர் தெருவைச் சுற்றித்தான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டுக் கேள். முனகல் நின்றால் காரணம் அதுதான். டிவி வேண்டுமென்றால் டிவியிலேயே பார். நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக் கழற்றிக் கேள், எந்த ஒயரில் நிற்கிறதோ அங்கே தேடு. அந்த ஒயருக்கு நடுவில் போட்டு முனகலைத் தடுக்கிற ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும். எதிலும் சரியாகவில்லை என்றால் அந்த முனகலோடு கேள். முனகலோடு கேட்டால் யாரும் சாக மாட்டார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுத எனக்கு ஐம்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

இதுவரை எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் கொடுத்தேன். ஊர் படிப்பதற்கு முன்னால் அவள் படிக்க வேண்டும் என்ற அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே படித்தாள். நடுவில் அடுப்பை அணைத்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து கடிதத்தை என் மடியில் போட்டாள். "எட்டு வருஷம் என் புள்ளையத் திட்டிக்கினு இருந்தேன். ஒரு தபா கூட உங்க வாய் தொறக்கல" என்றாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "அத்த அப்புறம் பேசிக்கலாம். மஞ்சுளா இப்போ இன்னா பண்றா? அந்தப் பெட்டிகிட்ட கீறாளா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "எது அந்த ஒயரு? காட்டுங்க."

மிக்ஸியின் பிளக்கைத் திறந்து காட்டினேன். பச்சை எது, அது எந்தப் பின்னில் மாட்ட வேண்டும், இழுத்தால் வராதபடி எப்படித் திருக வேண்டும் என்று சொன்னேன். விடவில்லை. ஃபிரிட்ஜ், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றையும் திறக்கச் சொன்னாள். கடைசியாக இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை என்னிடமிருந்து வாங்கி, தன் இடது கையால் அவளே கழற்றி, அவளே மாட்டி, "இப்டித்தானே?" என்று கேட்டாள். சரியாக இருந்தது. பிறகு மஞ்சுளாவுக்குப் போன் போட்டாள். என்னிடம் கேட்ட அதே கேள்வியை மஞ்சுளா அவளிடமும் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "ஏன்னா, அது என் கைய ஒடச்ச பெட்டி மாதிரிதாம்மா. நாளைக்கு வந்து முழுசா சொல்றேன். அதுவரைக்கும் அந்த ரூம் பக்கமே போவாதே" என்றாள். அவளுக்கு வாய் வந்தது.

காலை முதல் வண்டியில் கிளம்புகிறாள். பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிக்கொள்வாளாம். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வராதீங்க. நீங்க போனா அங்கயும் எதுனா சொல்லி அவன் வாய அடைச்சுடுவீங்க" என்றாள். என் டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் வைத்துக்கொண்டாள். என்னோடு என்ன செய்வது என்று திரும்பி வந்து சொல்கிறாளாம். திரும்பி வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். அந்த பிளக்கைக் கழற்றி, திறந்து, கையில் வைத்துக்கொண்டு நீ வாசலுக்கு வர வேண்டும். உள்ளே மூன்று ஒயர் இருந்தால்தான் உன் வீட்டுக்குள் கால் வைப்பாளாம். அதுவரை படியிலேயே நிற்பாளாம்.